பட்டினி வேறு, நோன்பு வேறு

(நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா இரண்டாம் நாள் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் தலைமையாசிரியர் ஒருவர் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் பேசுவதே வழக்கம். யாமோ நோன்பைப் பற்றிப் பேச வந்துள்ளோம். இஃது என்ன புதுமை என்று நீங்கள் எண்ணலாம். காரணம் உண்டு. 25 ஆண்டுகளுக்கு முன் இக்கழகம் மாலை வகுப்புகளைத் தொடங்கியபோது, பசியோடு வந்த பிள்ளைகளுக்கு எவ்வாறு பாடம் சொல்வது என்பதே நம் கவலையாக இருந்தது. இன்று அதே வீடுகளுக்குச் சென்றால், சுவரில் மாட்டிய பையில் சர்க்கரை மாத்திரையும் இரத்தக் கொதிப்பு மாத்திரையும் இருக்கக் காண்கின்றோம். 2023-ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர் நீரிழிவு உடையவர் என்று மதிப்பிட்டது. பணக்காரர் நோய் என்று ஒரு காலத்தில் பேசப்பட்டது, இன்று கூலி வேலை செய்வார் வீட்டிற்கும் வந்துவிட்டது.

நோய் வந்த வீட்டில் நோன்பும் இருக்கின்றது. அம்மன் திருவிழாவிற்குக் காப்புக் கட்டி விரதம் இருப்போர் உளர். தவக்காலத்தில் ஒருசந்தி இருப்போர் உளர். ரமலான் நோன்பு நோற்கும் உறவினரும் நண்பரும் உளர். இவற்றோடு, நாளுக்கு 16 மணி நேரம் உண்ணாதிருந்தால் சர்க்கரை நோய் பறந்துவிடும் என்னும் செய்தி கைப்பேசியில் நாள்தோறும் வருகின்றது. “ஐயா, சர்க்கரைக்கு எந்த விரதம் நல்லது?” என்று பெற்றோர் பலர் எம்மிடம் கேட்கின்றனர். அவ்வினாவிற்கு விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கம். யாம் மருத்துவர் அல்லோம். படித்தும், மருத்துவரிடம் கேட்டும், பட்டும் அறிந்தவற்றையே கூறுகின்றோம்.

பட்டறிந்ததை முதலில் கூறிவிடுகின்றோம்.

எம் தாயார் கூலி வேலை செய்து எம்மையும் உடன்பிறந்தார் மூவரையும் வளர்த்தவர். அது 1970-களின் பிற்பகுதி. கூலியாகக் கிடைத்த கேழ்வரகை மாலையில் திரித்து, களி கிண்டி எங்களுக்கு இடுவார். பானையில் ஒன்றும் மிஞ்சாத நாளில், “நீ சாப்பிடவில்லையா அம்மா?” என்று கேட்டால், “இன்றைக்கு எனக்கு விரதம்” என்பார். திங்கள் என்றும் செவ்வாய் என்றும் கணக்கில்லை. எந்தக் கிழமையிலும் அவருக்கு விரதம் வந்துவிடும். சிறுவர்களாகிய நாங்கள் அவரைப் பெரிய பக்தை என்றே எண்ணியிருந்தோம்.

யாம் படித்து ஆசிரியர் ஆனோம். வீட்டில் அரிசிக்குக் குறைவில்லாத காலமும் வந்தது. ஆயினும் அப்பழக்கம் அவரை விட்டு நீங்கவில்லை. விருந்தினர் வந்து சோறு குறைந்தால், “எனக்கு விரதம்” என்று சொல்லிப் படுத்துவிடுவார். 60 வயதைக் கடந்தபின் அவருக்கு நீரிழிவு கண்டது. கிளைபென்கிளமைடு என்னும் மாத்திரை கொடுத்திருந்தனர். 2011-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஓரிரவு, உறவினர் நால்வர் எதிர்பாராது வந்தனர். அம்மா மாத்திரையை உண்டார், சோற்றை உண்ணவில்லை. யாரும் கவனிக்கவில்லை. விடியற்காலையில் எழுப்பினோம், எழவில்லை. உடல் முழுதும் வியர்வையில் நனைந்திருந்தது. பக்கவாதம் என்றார் ஒருவர். காற்றுக் கருப்பு என்றார் மற்றொருவர். 108 ஊர்தியில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது, இரத்தத்தில் சர்க்கரை 31 மில்லிகிராம் இருந்தது. குளுக்கோஸ் ஏற்றியபின் கண் திறந்து, “எல்லாரும் சாப்பிட்டார்களா?” என்று கேட்டார்.

பி.ஏ., பி.எட். படித்த மகன் உடன் இருந்த வீடு அது. அம்மாத்திரையை உண்டால் உணவைத் தவிர்க்கலாகாது என்பதை அறிந்தவர் அவ்வீட்டில் ஒருவரும் இல்லை. அதன்பின் அவர் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். எனினும் அவ்விடியற்காலையை யாம் இன்றுவரை மறந்தோமில்லை.

தோழர்களே! பிறர் நம்மீது சுமத்துவது பட்டினி. நாமே அறிந்து தேர்ந்து மேற்கொள்வது நோன்பு. நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கிடந்தது பட்டினி. நோன்பு என்னும் சொல்லும் நம் வரலாற்றில் எளிய சொல் அன்று. 1932-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் காந்தியடிகள் எரவாடாச் சிறையில் உண்ணாநோன்பைத் தொடங்கினார். அதன் விளைவாக, நமக்குக் கிடைத்திருந்த தனி வாக்காளர் தொகுதி உரிமையை விட்டுக்கொடுத்து, 24-ஆம் நாள் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் நிலை அண்ணல் அம்பேத்கருக்கு நேர்ந்தது. அந்த அண்ணலும் பிற்காலத்தில் நீரிழிவால் பெரிதும் வருந்தியவரே. 1948-இல் அவர் மணந்த மருத்துவர் சவிதா அம்மையார் அவருடைய உணவையும் மருந்தையும் ஒருங்கே கவனித்து வந்தார். உணவு ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்க்கலாகாது என்பதற்கு அவ்வில்லம் ஒரு சான்று.

இனி, உண்ணாதிருக்கும்போது உடலில் நிகழ்வது யாது எனக் காண்போம். உண்ட உணவிலிருந்து வரும் சர்க்கரையில் ஒரு பகுதியைக் கல்லீரல் சேமித்து வைக்கின்றது. அச்சேமிப்பு ஏறத்தாழ 100 கிராம். நாம் உறங்கும்போது அதிலிருந்தே சிறுகச் சிறுக எடுத்து மூளைக்கு அனுப்புகின்றது. ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் உண்ணாவிடில் அச்சேமிப்புத் தீர்ந்துவிடும். பின்னர் உடல் கொழுப்பை எரிக்கின்றது. தசையையும் ஓரளவு கரைக்கின்றது. நலமுடையவர்க்கு இது கேடன்று. இரத்தச் சர்க்கரை குறையத் தொடங்கியதும் கணையம் இன்சுலினைக் குறைத்துவிடும். ஆனால் கிளைபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகள், நாம் உண்டோமா இல்லையா என்று பாராமல் கணையத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கும். ஊசியாகப் போட்ட இன்சுலினும் அத்தகையதே. சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். மேலும் இறங்கினால் பேச்சுக் குழறி, நினைவு தப்பும். எம் தாயார்க்கு நேர்ந்தது இதுவே.

உண்ணாமை சர்க்கரையைக் குறைக்கும் என்பது பொய்யன்று. 1870-இல் பாரிசு நகரம் முற்றுகையிடப்பட்டு உணவு அருகியபோது, தம் நோயாளர் சிலரின் சிறுநீரில் சர்க்கரை மறைந்ததைப் பூசர்தா என்னும் பிரெஞ்சு மருத்துவர் கண்டார். 1910-களில் அமெரிக்காவில் பிரடெரிக் ஆலன் என்பவர் நீரிழிவாளரை நாட்கணக்கில் உண்ணாமல் வைத்து, பிறகு மிகக் குறைந்த உணவு கொடுத்து வந்தார். சிலர் சில காலம் கூடுதலாக வாழ்ந்தனர். சிலர் நோயால் அன்றிப் பட்டினியாலேயே இறந்தனர். 1921-இல் டொரான்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைக் கண்டறிந்தபின் அக்கொடிய முறை மறைந்தது. உண்ணாமை ஒரு கருவி என்பதும், அளவு தவறினால் அதுவே உயிரை வாங்கும் என்பதும் இவ்வரலாற்றால் விளங்கும்.

அக்கருவியின் வகைகளை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் வகை, நீரும் அருந்தாத நோன்பு. ரமலான் நோன்பும், நீரின்றி இருக்கும் ஏகாதசியும் இவ்வகையின. நீரிழிவாளர்க்கும் சிறுநீரக நோயாளர்க்கும் மிகுந்த எச்சரிக்கை வேண்டுவது இதுவே. நீர் வற்றினால் சிறுநீரகம் முதலில் துன்புறும்.

இரண்டாவது, நாள் முழுதும் சோறு விலக்கிப் பாலும் பழமும் பலகாரமும் உண்பது. இதில் ஒரு மயக்கம் உண்டு. சோற்றை நீக்கியவர் வாழைப்பழமும் ஜவ்வரிசிக் கஞ்சியும் உண்டு, மாலையில் சர்க்கரைப் பொங்கலோடு விரதத்தை முடிக்கின்றார். பகலில் குறைந்த சர்க்கரை இரவில் ஏணி வைத்து ஏறுகின்றது.

மூன்றாவது, ஒருபொழுது உண்பது. பகலெல்லாம் பசித்திருந்து ஒரே வேளையில் இரண்டு வேளைச் சோற்றை உண்டால் பயன் இல்லை.

நான்காவது, நேர வரையறை. 8 மணி நேரத்திற்குள் உண்டு, எஞ்சிய 16 மணி நேரம் உண்ணாதிருத்தல். சீனாவில் உடற்பருமன் உடைய 139 பேரைக் கொண்டு ஓராண்டு நடத்திய ஆய்வு 2022-இல் வெளிவந்தது. உணவளவைக் குறைத்தவரும், அதே அளவு குறைத்து 8 மணி நேரத்திற்குள் உண்டவரும் ஏறத்தாழ ஒரே அளவே எடை குறைந்தனர். பயன் தந்தது கடிகாரம் அன்று. குறைந்த உணவே என்பது தெளிவு.

ஐந்தாவது, வாரத்தில் 2 நாட்கள் மட்டும் 500 முதல் 600 கலோரி அளவில் உண்டு, 5 நாட்கள் வழக்கம்போல் உண்ணுதல். ஆஸ்திரேலியாவில் நீரிழிவாளர் 137 பேரைக் கொண்டு நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், இம்முறையும் நாள்தோறும் அளவாக உண்ணும் முறையும் சர்க்கரையை ஒத்த அளவிலேயே குறைத்தன.

ஆறாவது, மருத்துவர் மேற்பார்வையில் சில மாதங்கள் மிகக் குறைந்த கலோரி உண்பது. பிரிட்டனில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஏறத்தாழ 850 கலோரி வீதம் 3 முதல் 5 மாதம் உண்டவருள் 46 விழுக்காட்டினர்க்கு, ஓராண்டு முடிவில் மாத்திரையின்றியே சர்க்கரை அளவுக்குள் நின்றது. இரண்டாம் ஆண்டில் அது 36 விழுக்காடாகக் குறைந்தது. கைப்பேசிச் செய்திகள் இவ்வெண்களைச் சொல்லும், எஞ்சியதைச் சொல்லா. அவர்கள் அனைவரும் எடை மிகுந்தவர்கள், நோய் கண்டு 6 ஆண்டுகளுக்கு உட்பட்டவர்கள், இன்சுலின் போடாதவர்கள். அவர்தம் மாத்திரைகளை நிறுத்தியவர்கள் மருத்துவர்கள். தாமே நிறுத்திக்கொண்டவர் எவரும் இலர். எலும்பும் தோலுமாக இருக்கும் நம் வீட்டு முதியவர்க்கு அவ்வழி பொருந்துமா?

இன்னொன்றும் சொல்வர். உண்ணாதிருந்தால் உயிரணு தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும். அதற்கே நோபல் பரிசு கிடைத்தது என்பர். 2016-இல் அப்பரிசு பெற்ற ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமி அவ்வினையின் நுட்பத்தை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரில் ஆராய்ந்தார். நீரிழிவாளர் விரதம் இருக்க வேண்டும் என்பதற்காக அப்பரிசு வழங்கப்படவில்லை.

ஏழாவது, ஊன் விலக்கும் நோன்பு. ஊன் விலக்குவதால் மட்டும் சர்க்கரை திடீரெனத் தாழ்வதில்லை. ஆயினும் நம் வீடுகளில் மீனும் முட்டையும் மாட்டிறைச்சியுமே புரதம் தருவன. அவற்றை நீக்கிவிட்டு அவ்விடத்தைச் சோற்றால் நிரப்பினால் சர்க்கரை ஏறும். பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, பருப்பு ஆகியவற்றால் நிரப்புதல் வேண்டும்.

இவற்றுள் எதைத் தேர்வது? நோயாளியின் அளவையும், நோயின் அளவையும், காலத்தையும் ஆராய்ந்தே மருத்துவன் செயற்பட வேண்டும் என்று வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்துகின்றார். அம்மூன்றும் நமக்கு இங்கே வழிகாட்டும்.

முதலாவது ஆள். பிள்ளைகள், கருவுற்ற தாய்மார், பாலூட்டும் தாய்மார், மெலிந்த முதியவர், முன்பு சர்க்கரை தாழ்ந்து மயங்கியவர், தனியே வாழ்பவர் ஆகியோர்க்கு உண்ணாநோன்பு வேண்டா.

இரண்டாவது நோய். இளமையில் தோன்றி இன்சுலினையே நம்பியிருக்கும் முதல் வகை நீரிழிவு உடையவர், உண்ணாவிடினும் இன்சுலினை அறவே நிறுத்தலாகாது. நிறுத்தினால் குருதியில் அமிலம் பெருகி உயிர் போகும். அவர் தாமே நோன்பைத் தொடங்கவே கூடாது. இன்சுலின் போடும் பிறரும், மேலே கூறிய மாத்திரைகளை உண்பவரும், மருத்துவர் அளவை மாற்றித் தந்தாலன்றி உணவைத் தவிர்க்கலாகாது. மெட்பார்மின் மட்டும் உண்பவர்க்குச் சர்க்கரை தாழும் இடர் குறைவு. டாபாகிளிஃப்ளோசின் போன்றவற்றை உண்பவர்க்கு நீர் வற்றும் இடரும் அமிலம் பெருகும் இடரும் உண்டு. காச நோயாளர்க்கு உணவே பாதி மருந்து. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், காச நோயாளர் குடும்பத்தார்க்குச் சத்துணவு கொடுத்தபோது, அவர்களுள் புதிதாகக் காசம் கண்டவர் தொகை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. ஆகவே ஒரு நோய்க்கு உதவும் நோன்பு மற்றொரு நோய்க்குக் கேடாகும்.

மூன்றாவது காலம். சித்திரை வெயிலில் செங்கற்சூளையிலும் கட்டட வேலையிலும் நிற்பவரின் ஒரு நாளும், நிழலில் அமர்ந்து எழுதுபவரின் ஒரு நாளும் ஒன்றல்ல. காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ள நாளில் எந்நோன்பும் வேண்டா.

நோன்பை இடையில் விடுவது பாவம் என்று அஞ்சுவோர்க்கு ஒரு சொல். இஸ்லாமிய மறை நோயாளர்க்கும் வழிப்பயணியர்க்கும் நோன்பில் விலக்கு அளிக்கின்றது. கத்தோலிக்கத் திருச்சபை 18 வயதிற்கு உட்பட்டவரையும் 59 வயதைக் கடந்தவரையும் ஒருசந்திக் கடமையிலிருந்து நீக்கியுள்ளது, நோயாளரையும் வற்புறுத்துவதில்லை. புத்தர் பெருமான் உடலை வாட்டும் கடுந்தவத்தைக் கைவிட்டு, சுஜாதை அளித்த பாற்சோற்றை உண்டபின்னரே மெய்ஞ்ஞானம் பெற்றார். நண்பகலுக்குப்பின் உண்ணாத பிக்குகளுக்கும், நோயுற்றால் நெய்யும் தேனும் வெல்லமும் மருந்தாகக் கொள்ள வினய நெறி இடம் தருகின்றது. நம் தாய்த் தெய்வங்கள் மட்டும் மயங்கி விழும் பிள்ளையின் உயிரையா கேட்கும்?

ஆகவே, மருத்துவர் இசைவோடு நோன்பிருப்பவரும், சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கினாலும், 300-க்கு மேல் ஏறினாலும், நடுக்கமோ மயக்கமோ தோன்றினாலும், அந்நொடியே நோன்பை விடுதல் வேண்டும். தாழ்ந்த சர்க்கரைக்கு 3 தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. புரையேறி மூச்சு அடைக்கும். உடனே 108-ஐ அழையுங்கள்.

எம்மைப் பற்றிக் கேட்பீராயின், எமக்கும் 9 ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. அரசு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கேட்டு, இரவு 7.30 மணிக்கு உணவை முடித்துக்கொண்டு காலை 7.30 மணிக்கு உண்கின்றோம். சோற்றைக் குறைத்துப் பயற்றையும் கீரையையும் கூட்டியுள்ளோம். அவ்வளவே எம் நோன்பு. எமக்குப் பொருந்தியது உங்களுக்கும் பொருந்தும் என்று யாம் கூறவில்லை. கேட்டுத் தேர்ந்தோம் என்பதையே கூறுகின்றோம்.

இளைஞர்களே! இக்கழகம் 25 ஆண்டுகளாக உங்களுக்கு எழுத்தைக் கற்பித்தது எதற்கு? தேர்வு எழுதுவதற்கு மட்டுமா? வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு மருந்துப் பையை எடுங்கள். அட்டையில் உள்ள மாத்திரைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். அத்தாளைச் சுகாதார நிலையத்திற்கு எடுத்துச் சென்று மூன்று வினாக்களைக் கேளுங்கள். உணவைத் தவிர்த்தால் இவற்றுள் எது சர்க்கரையைத் தாழ்த்தும்? எங்கள் அம்மா விரதம் இருக்கலாமா? இருக்கலாமெனின் அன்று மாத்திரையை எப்போது, எவ்வளவு கொடுப்பது? வெள்ளை அங்கியைக் கண்டு தயங்க வேண்டா. கேட்பது நம் உரிமை. விடையை அத்தாளிலேயே எழுதி, அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டுங்கள்.

அத்துடன், இரவில் படுக்கச் செல்லுமுன் வீட்டிலுள்ள மூத்தவரைப் பார்த்து, “சாப்பிட்டீர்களா?” என்று கேளுங்கள். “எனக்கு விரதம்” என்று விடை வந்தால் அதை நம்பிவிடாதீர்கள். பானையைத் திறந்து பாருங்கள். எம் தாயாருக்கு யாம் செய்யத் தவறிய அவ்வொரு செயலை நீங்கள் செய்வீர்களாயின், இவ்வுரை பயனுடையதாகும்.